ஆரஞ்சு ஓரம்

நோங் அக்காவின் வண்டி உதிரிபாகக் கடைக்கு வருகிறவர்கள் முன்பெல்லாம் "சாப்டாச்சா அக்கா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். இந்த வசந்தத்தில் எல்லோரும் டார்ச்சில் ஆரம்பித்தார்கள்.

அன்றைக்கு வந்தவர் காய்கறி வேன் ஓட்டும் லியாவ் அண்ணன். முந்தின வாரம் வாங்கிப்போன ஏர் ஃபில்டரைப் பெட்டியோடு திரும்பக் கொண்டுவந்து, கல்லா மேசைக்கு முன்னால் நின்று, அதன் முதுகில் போன் வெளிச்சத்தை அடித்தார். மடிப்பு மடிப்பான மஞ்சள் தாளுக்குள் வெளிச்சம் தேன் மாதிரி ஊறி இந்தப் பக்கம் வந்தது.

"பாரு சியூஜென். கொசுவலை மாதிரி தெரியுது. இத்தனை வருஷப் பழக்கத்துல என் தலையிலயே டூப்ளிகேட்டைக் கட்டிட்டியே."

"அது தாளுய்யா. தாள்ல வெளிச்சம் வராம உன் மண்டையிலயா வரும்?" என்றாள் அக்கா. சியூஜென் அவள் பெயர்.

"ஒரிஜினல்னா இருட்டா இருக்கணுமாம். தாடிக்காரர் வீடியோல சொல்றார்."

"அப்ப இரும்புத் தகடு ஒண்ணு தர்றேன், மாட்டிக்க. ஒரு பொட்டு வெளிச்சம் வராது. உன் வேன் எப்படி மூச்சு விடுதுன்னு பாப்போம்."

பக்கத்தில் நின்ற இரண்டு டிரைவர்கள் சிரித்தார்கள். லியாவும் சிரித்தார். சிரித்தாலும் பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டுத்தான் போனார். காசையும் வாங்கிக்கொண்டுதான் போனார்.

மாடிப்படியில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான் நிங். முழுப்பெயர் வெய் ஜியாநிங். அக்காவின் கடைக்கு மேலே வாடகைக்கு இருக்கிறவன். ஊர் எல்லையில் இருக்கும் ஒரு தனியார் சோதனைக்கூடத்தில் வேலை. அங்கே நாள் முழுக்க அவனுக்கு வேலையே ஃபில்டர்களுக்குத் தூசி ஊட்டுவதுதான். எது எவ்வளவு தூசியைப் பிடிக்கிறது, எது விட்டுவிடுகிறது என்று அளந்து சொல்ல வேண்டும். லியாவ் அண்ணன் சொன்னது பேத்தல் என்று அவனுக்குத் தெரியும். நாலு படி இறங்கி, "அண்ணே, அப்படி இல்ல" என்று அங்கேயே சொல்லியிருக்கலாம்.

அவன் என்ன செய்தான் தெரியுமா? போனை எடுத்து, லியாவ் டார்ச் அடிப்பதை மேலிருந்து வீடியோ பிடித்துக்கொண்டான். மஞ்சள் வெளிச்சம், மங்கலான கடை, அண்ணனின் சந்தேக மூஞ்சி. காட்சி அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

தாடிக்காரர் யார் என்று லியூஜோவில் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. வேன் செய்கிற ஊர், வேன் ஓட்டுகிற ஊர். ஒவ்வொரு டிரைவர் போனிலும் அவர் இருந்தார். பெரிய தாடி, பெரிய டார்ச், பின்னால் ஒரு பழைய காரேஜ். "வெளிச்சம் வந்தா போலி! இருட்டா இருந்தா அசல்! உங்க இன்ஜினை நீங்கதான் காப்பாத்தணும் தம்பிகளா!" என்று கத்துவார். அப்புறம் அதே மூச்சில், தான் விற்கும் கறுப்புத் தாள் ஃபில்டரைத் தூக்கிக் காட்டுவார். கறுப்புத் தாளில் வெளிச்சம் எப்படி வரும்?

கடையைச் சாத்துகிற நேரத்தில் அக்கா நிங்கைக் கூப்பிட்டாள். சுவரெல்லாம் வேர்க்கும் மாதம் அது. தரையில் நடந்தால் செருப்பு ஒட்டும். திரும்பி வந்த பெட்டிகளை மேல் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பிரித்த பெட்டி இந்த ஈரத்தில் சில நாளிலேயே நமுத்துப்போகும், அப்புறம் விற்க முடியாது.

"நிங், நாளைக்குக் காலையில என்கூட நூடுல்ஸ் கடைக்கு வா."

"என்ன அக்கா, திடீர்னு விருந்தா?"

"ஆமா, உன் மூஞ்சிக்கு விருந்து. டிரைவருங்க எல்லாம் அங்கதான வந்து உக்காருவாங்க? நீ லேப்ல வேலை பாக்கறவன்னு எல்லாருக்கும் தெரியும். ரெண்டு வார்த்தை சொல்லு. வெளிச்சம் வந்தா போலி இல்லன்னு சொல்லு. போதும்."

நிங்குக்கு ரத்தம் சூடேறியது. நல்ல சூடுதான். "அக்கா, அங்க எத்தனை பேர் இருப்பாங்க? பத்துப் பேர்? தாடிக்காரரை லட்சக்கணக்குல பாத்திருக்காங்க. வாயால சொன்னா காத்தோட போயிடும். நான் ஒரு வீடியோ போடறேன். சும்மா பேச்சு இல்ல, மெஷின்ல வெச்சு, தூசி விட்டு, எல்லாத்தையும் நிரூபிச்சு. அவர் சொன்னது ஒவ்வொண்ணையும் போட்டு உடைக்கறேன். ஊரே பாக்கும்."

"டேய், என் கடைக்கு ஊரா வருது? அந்தப் பத்துப் பேர்தான்டா வர்றாங்க."

"நம்புங்க அக்கா. கொஞ்சம் பொறுங்க."

அக்கா ஷட்டரை இழுத்தாள். அவள் புருஷன் கடற்கரைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருந்தான், புத்தாண்டுக்குத்தான் வருவான். "நீயும் இங்கயே வந்துடேன்" என்று அவன் சொல்லும்போதெல்லாம், "என் கடை ஓடற வரைக்கும் நான் எதுக்கு உன் தொழிற்சாலைக் கேன்டீன்ல சோறு வாங்க வரிசையில நிக்கணும்?" என்று கேட்பவள் அவள். கடை ஓட வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

நிங் அடுத்த விடுமுறை நாளிலேயே வேலையைத் தொடங்கினான். சோதனைக்கூட முதலாளி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கூடத்தின் பெயர் தெரியக் கூடாது, முகமும் தெரியக் கூடாது. அதனால் தூசி முகமூடி, கண்ணாடி, தொப்பி, வெள்ளைக் கோட்டு. கேமராவுக்குப் பின்னால் ஷாவோ. கூடத்தில் கூட வேலை பார்க்கிறவன், வீடியோ வெட்டி ஒட்டுவதில் கெட்டிக்காரன், வாய் சும்மா இருக்காதவன்.

"முகமூடியோட நீ பெரிய விஞ்ஞானி மாதிரி இருக்கடா. கழட்டவே கழட்டாத. பொண்ணு பாக்கப் போறப்பவும் இப்படியே போ."

"மூடிட்டு ஃபோகஸ் பண்ணு."

அந்த நாட்களில் நிங் சந்தோஷமாக இருந்தான். எவ்வளவு சந்தோஷம்! நல்ல கம்பெனியின் சொந்தக் கடையிலேயே வாங்கிய அசல் ஃபில்டரை எடுத்து டார்ச் அடித்தான். பளிச்சென்று வெளிச்சம் வந்தது. தாளில் இருக்கும் துளை வழியாகத் தூசி போவதும் வெளிச்சம் போவதும் ஒன்றல்ல, நார்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிற வழியில் தூசி சிக்கும், வெளிச்சத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை என்று விளக்கினான். "தண்ணி ஊத்துனா உருண்டு ஓடணும்" என்று ஒரு புரளி. ஊற்றினான். அசலில் ஒன்று குடித்தது, இன்னொன்று உருட்டிவிட்டது. இரண்டும் அசல். "நெருப்பு வெச்சா எரியக் கூடாது" என்று இன்னொரு புரளி. வைத்தான். அசல் நன்றாகவே எரிந்தது. ஷாவோ பயந்துபோய் வாளியோடு ஓடிவந்தான், அதையும் வீடியோவில் சேர்த்தார்கள். மடிப்பு நிறைய இருந்தால் நல்லது என்பார்கள். மடிப்பு அளவுக்கு மேல் நெருங்கினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மூச்சே விடாது என்று காட்டினான்.

கடைசியாகத்தான் முக்கியமானது. இணையத்தில் அடிமாட்டு விலைக்கு விற்ற ஒரு நிஜப் போலியை வாங்கி மெஷினில் வைத்தான். காற்றோடு தூசியை விட்டான். ஃபில்டருக்குப் பின்னால் இருந்த வெள்ளைத் தாள் கரிச்சட்டி ஆனது. தாள் வழியாக இல்லை, ஓரம் வழியாக. தாளைச் சுற்றியிருக்கும் ரப்பர் மாதிரியான அந்த ஓரம் கல்லாக இறுகிக் கிடந்தது. மெஷினின் இடுக்கியோடு சரியாகப் படியவில்லை. அந்த இடைவெளியில் தூசி கும்மாளமாக நுழைந்தது.

அப்புறம் நோங் அக்கா கடை ஃபில்டர். பெயரை மறைத்து, அதே இடுக்கியில் பூட்டி, அதே தூசி. பின்னால் இருந்த தாள் வெள்ளையாகவே இருந்தது. நிங் முகமூடிக்குள்ளேயே கத்தினான். "பாத்தியா! பாத்தியா!"

"பாத்துட்டேன்டா. உன் எச்சில் கண்ணாடில தெறிக்குது பாரு."

வெட்டி ஒட்டும்போதுதான் தகராறு. ஷாவோ சொன்னான்: "எல்லாம் சரி. வெளிச்சம் பொய், தண்ணி பொய், நெருப்பு பொய். அப்ப பாக்கறவன் எப்படித்தான் கண்டுபிடிப்பான்?"

"கண்ணால பாத்துக் கண்டுபிடிக்க முடியாது. அதான் உண்மை. தெரிஞ்ச கடைல வாங்கணும்."

"இதைப் போய் எவன் ஷேர் பண்ணுவான்? தாடிக்காரர் கையில டார்ச்சைக் குடுத்தார். நீ கையை விரிக்கற. ஏதாவது பாக்கறதுக்குக் குடுடா."

நிங் யோசித்தான். போலியின் ஓரத்தைக் கிட்டப்போய் எடுத்த காட்சி இருந்தது. அவன் விரல் அழுத்துகிறது, ஓரம் அசையவில்லை. குரல் சொல்கிறது: "இதோ இந்த ஆரஞ்சு ஓரத்தைப் பாருங்க. கல்லு மாதிரி இருக்கு. இந்த வழியாத்தான் உங்க இன்ஜினுக்குள்ள தூசி போகுது." அதற்கு அடுத்து இன்னொரு வாக்கியமும் அவன் பேசியிருந்தான். "நிறத்துல ஒண்ணும் இல்ல, இப்ப நான் சோதிக்கப் போற நல்ல ஃபில்டருக்கும் ஓரம் இதே ஆரஞ்சுதான்."

"இது இழுவையா இருக்கு" என்றான் ஷாவோ. "சூடா போயிட்டிருக்கப்ப எதுக்குப் பிரேக் போடற? அடுத்த காட்சிலயே நல்லது வரப்போகுதே."

நிங் அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டான். உண்மைதான், வேகம் குறைகிறது. அடுத்த காட்சியில் அக்காவின் ஃபில்டர் ஜெயிக்கப் போகிறது, பார்க்கிறவனுக்குப் புரியாதா? ஆனால் அடுத்த காட்சியில் அந்த ஃபில்டர் இடுக்கிக்குள் இருந்தது. இடுக்கி அதன் ஓரத்தை முழுசாக மறைத்திருந்தது. அது என்ன நிறம் என்று யாருக்கும் தெரிய வழியில்லை. அதை அவன் அப்போது நினைக்கவில்லை. வாக்கியத்தை அவனேதான் வெட்டினான். ஷாவோ இல்லை. அவன் விரல்தான்.

வீடியோ பற்றிக்கொண்டு போனது. தாடிக்காரரைக் கிண்டல் செய்து ஆயிரக்கணக்கில் கருத்துகள். கறுப்புத் தாளுக்குள் டார்ச் அடிக்கும் கார்ட்டூன்கள். சந்தோஷத்தில் நிங்குக்கு நடக்கும்போது கால் தரையில் படவில்லை. நோங் அக்காவுக்கு அதைவிடச் சந்தோஷம். டிரைவர்கள் குழுவில் அவளே அதைப் போட்டாள். கூடவே குரல் பதிவு: "டேய் டார்ச் கூட்டமே, பாருங்கடா! இது யார் தெரியுமா? என் மாடியில இருக்கற பையன்! முகமூடிக்குள்ள இருக்கறது எங்க நிங்!"

லியாவ் அண்ணன் முதல் ஆளாக வந்தார். கையில் ஒரு கட்டு பசளிக்கீரை. "இந்தா, அபராதம். அந்தப் பெட்டியையே எடு சியூஜென், மாட்டிக்கறேன்."

"அது நமுத்துப்போச்சு. புதுசு வாங்கிக்க. டார்ச் அடிக்க மாட்டியே?"

"கறுப்புத் தாள் விக்கற தாடியை நம்பினேன் பாரு, என்னைத்தான் அடிக்கணும்."

அன்று சாயங்காலம் அக்கா நிங்குக்கு நூடுல்ஸ் வாங்கித் தந்தாள், புளித்த மூங்கில் குருத்து இரட்டைப் பங்கு. "நீ சொன்னது சரிதான்டா" என்றாள். "நான்தான் அவசரப்பட்டேன்."

யார் வெட்டினார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. எவனோ ஒருவன், முழு வீடியோவைப் பார்க்கப் பொறுமையில்லாதவர்களுக்காக, அந்த ஒரு காட்சியை மட்டும் பிய்த்து எடுத்தான். விரல் அழுத்துகிறது. "இதோ இந்த ஆரஞ்சு ஓரத்தைப் பாருங்க. இந்த வழியாத்தான் உங்க இன்ஜினுக்குள்ள தூசி போகுது." அவ்வளவுதான். மேலே சிவப்பு எழுத்தில்: ஆரஞ்சு ஓரம் இருந்தால் போலி, சோதனைக்கூட நிபுணரே சொல்கிறார்.

அது பாட்டியம்மாக்களின் குழு, பழைய வகுப்புத் தோழர்கள் குழு, வேன் டிரைவர்கள் குழு என்று எல்லா இடத்திலும் போய் உட்கார்ந்தது.

நோங் அக்காவுக்குச் சரக்கு அனுப்பும் கம்பெனி அந்த வருஷம்தான் ஓரத்தின் நிறத்தைக் கறுப்பிலிருந்து ஆரஞ்சுக்கு மாற்றியிருந்தது. ஏன் மாற்றியது? சும்மா. சாயம் சல்லிசாகக் கிடைத்திருக்கும். அவள் கடையின் தட்டு முழுக்க ஆரஞ்சு.

நிங் வேலை முடிந்து வந்தபோது கடையில் யாரோ ஒரு டிரைவர், முன்பின் பார்க்காத ஆள், பெட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு அக்காவிடம் குரலை உயர்த்திக்கொண்டிருந்தான். "ஓரம் ஆரஞ்சா இருக்கே, என்னை என்ன கேணைன்னு நெனச்சீங்களா?"

"அண்ணே, நிறத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல" என்று குறுக்கே புகுந்தான் நிங். இந்தத் தடவை படியிலேயே நிற்கவில்லை.

"நீ யாரு? கடைக்காரப் பையனா?"

"இல்ல, அந்த வீடியோல இருக்கறதே நான்தான்."

அந்த ஆள் போனை எடுத்து, முகமூடியும் கண்ணாடியும் தொப்பியுமாக இருந்த உருவத்தைப் பார்த்தான். நிங்கைப் பார்த்தான். வேர்வையில் நனைந்த சட்டை, கையில் முட்டைப் பை. "அப்ப நான்தான் விண்வெளி வீரன். போ தம்பி, போய்ப் படி. இவர் சோதனைக்கூட நிபுணர்."

பெட்டியை விட்டுவிட்டுப் போய்விட்டான். அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கு இன்னும் சிரிக்க முடிந்தது.

நிங் அன்றே மறுப்பு வீடியோ போட்டான். முகமூடி இல்லாமல், முதலாளி திட்டினாலும் பரவாயில்லை என்று. அந்த வெட்டின வாக்கியத்தையும் சேர்த்தான். அதில் நெருப்பு இல்லை, வாளி இல்லை, தாடிக்காரர் இல்லை. நான் சொன்னது தப்பாகப் போய்விட்டது, நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள் என்று ஒருவன் கெஞ்சுகிறான், அவ்வளவுதான். பார்த்தவர்கள் கொஞ்சம். அதிலும் முதல் கருத்து இது: ஆரஞ்சு கம்பெனிக்காரன் எவ்வளவு கொடுத்தான்?

ஷாவோ ஆறுதல் சொல்லப் பார்த்தான். "விடுடா, இதுவும் நாலு நாள்ல அடங்கும். அப்புறம் வேற ஏதாவது வரும். டயரை நக்கிப் பாக்கச் சொல்வாங்க."

"கடை அதுவரைக்கும் தாங்காதுடா."

ஷாவோ அதற்குமேல் ஜோக் அடிக்கவில்லை.

மறுநாள் காலையில் நிங் நூடுல்ஸ் கடைக்குப் போனான். யாரும் கூப்பிடாமல், தனியாக. நத்தைக் குழம்பின் நாற்றமும் ஆவியும் தெருமுனை வரைக்கும் வந்தது. தாழ்வான பிளாஸ்டிக் முக்காலிகளில் டிரைவர்கள் குனிந்து உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். எண்ணி எடுத்தால் பத்துப் பேர்கூடத் தேற மாட்டார்கள். எல்லோரையும் அவனுக்குத் தெரியும். எல்லோருக்கும் அவனைத் தெரியும்.

"அட, நிபுணர் வந்துட்டார்! நிபுணருக்கு முக்காலி போடுங்கப்பா."

"மாஸ்க் எங்கய்யா? நூடுல்ஸ் தூசியை யார் தடுப்பா?"

நிங் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். நிறம் சும்மா சாயம்தான் என்று, அக்காவின் ஃபில்டரை அவனே தூசி ஊட்டிப் பார்த்தான் என்று, வீடியோவில் ஜெயித்ததே அதுதான் என்று. மூச்சு வாங்கச் சொல்லி முடித்தான். ஒருவரும் சண்டைக்கு வரவில்லை. அதுதான் மோசம். மரியாதையாகக் கேட்டார்கள். லியாவ் அண்ணன் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, அவனைத் தனியாக வேனுக்குப் பக்கத்தில் அழைத்துப் போனார்.

"தம்பி, உன்மேல எனக்குக் கோவம் இல்ல. உன் நிலைமை எனக்குப் புரியுது."

"என்ன நிலைமை அண்ணே?"

"நீ அவ வீட்ல குடியிருக்க. அவ உனக்குச் சோறு போடறா. இப்ப அவளுக்காகப் பேசித்தான் ஆகணும். நானா இருந்தாலும் அப்படித்தான் பேசுவேன்."

"இல்லண்ணே, நான்..."

"ஆனா அன்னைக்கு நீ மெஷின் முன்னாடி நின்னப்ப உன்னை யாரும் எதுவும் சொல்லச் சொல்லல. மனசுல பட்டதைச் சொன்ன. நான் அதைத்தான் நம்பறேன். அந்த நிங்கைத்தான்."

"அதைச் சொன்னதும் நான்தானே அண்ணே! பாதியை வெட்டிட்டாங்க!"

"சரி சரி" என்று முதுகில் தட்டினார் லியாவ். அழுகிற குழந்தையைத் தட்டுகிற மாதிரி. "சியூஜென் நல்லவ. கம்பெனிக்காரன் அவளையே ஏமாத்தியிருப்பான். அவளுக்கும் தெரியாது பாவம்."

நிங் தெருவில் நின்றான். டார்ச் அடித்த அன்றைக்கு மறுநாள் அவன் இங்கே வந்திருந்தால்? அன்றைக்கு அவன் யாருக்காகவும் பேசுகிறவன் இல்லை. மாடியில் இருக்கிற, லேப்பில் வேலை பார்க்கிற பையன், அவ்வளவுதான். இதே லியாவ், இதே முக்காலி, இதே நூடுல்ஸ். "வெளிச்சத்துல ஒண்ணும் இல்லண்ணே" என்று சொல்லியிருந்தால், "அப்படியாடா? சரி, விடு" என்று சொல்லிவிட்டு உறிஞ்சியிருப்பார். ஊருக்குச் சொல்லப்போனவன் தெருமுனைக்குச் சொல்லவில்லை. இப்போது சொன்னால், சொல்கிறவனே சந்தேகத்துக்குரியவனாகிவிட்டான்.

ஆரஞ்சு ஓரத்தை யாரும் வாங்கவில்லை. நோங் அக்கா சித்திரவதையை நீட்டிக்கிற ஆள் இல்லை. மழை தொடங்குவதற்குள் கணக்கை முடித்துவிட்டாள். பிரிக்காத பெட்டிகளைக் கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்ளும். கடையைப் பக்கத்து மின்ஸ்கூட்டர்க்காரன் சார்ஜ் போடும் இடமாக எடுத்துக்கொள்கிறான். மாடியறை நிங்குக்கே, அவன் விரும்புகிறவரை. அவள் புருஷனிடம் போகிறாள்.

அவளோடு சேர்ந்து பெட்டிகளைக் கட்டினான் நிங். தட்டுகள் காலியானபோது சுவரின் வேர்வை கோடு கோடாகத் தெரிந்தது.

"ஒண்ணு கேக்கட்டா?" என்றாள் அக்கா, கயிற்றைப் பல்லால் அறுத்துக்கொண்டே. "வீடியோல நீ நிறத்தைப் பத்தி ஒண்ணுமே சொல்லலயா? அவ்வளவு சோதிச்ச, அதை மட்டும் விட்டுட்டியா?"

அவன் பொய் சொல்லியிருக்கலாம்.

"சொன்னேன் அக்கா. நல்ல ஃபில்டருக்கும் ஆரஞ்சுதான்னு சொன்னேன். நானேதான் வெட்டினேன்."

"ஏன்?"

"இழுவையா இருந்துச்சு."

அக்கா அவனைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீ ஒரு பொய்யும் சொல்லலடா" என்றாள் கடைசியில். "பொய் சொல்லியிருந்தா, உன் காதைத் திருகி, அதை எல்லார் முன்னாடியும் திருப்பிச் சொல்ல வெச்சிருப்பேன். இதுல நான் எதைத் திருகறது?"

கம்பெனி லாரி வந்தது. டிரைவர் வெளியூர்க்காரர், வயசானவர், சாவகாசமானவர். பெட்டிகளை ஏற்றும்போது ஒன்றின் மூடி பிளந்து உள்ளே இருந்தது எட்டிப் பார்த்தது.

"ஓ, ஆரஞ்சு ஓரமா? அதான் திருப்பி அனுப்பறீங்களா?"

"இல்லய்யா!" என்று நிங் லாரிக்கு ஓடினான். "அது நல்ல ஃபில்டர். கேளுங்க, நிறத்துல ஒண்ணுமே இல்ல." ஆரம்பித்துவிட்டான். போலியின் ஓரம் ஏன் ஒழுகியது, இது ஏன் ஒழுகாது, வெளிச்சம், தண்ணீர், நெருப்பு, மடிப்பு, எல்லாம். ஒன்றையும் விடவில்லை, ஒன்றையும் வெட்டவில்லை. மழை தூற ஆரம்பித்தது. அவன் நிறுத்தவில்லை.

"நிங், அவர் போகணும்டா" என்றாள் அக்கா வாசலிலிருந்து.

லாரிக்காரர் கையைக் காட்டி, இருக்கட்டும் என்றார். ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு கடைசிவரை கேட்டார். நடுவில் இரண்டு சந்தேகம்கூடக் கேட்டார், நல்ல சந்தேகங்கள். எல்லாம் முடிந்ததும் தலையை ஆட்டினார்.

"இவ்வளவு விஷயம் இருக்கா இதுல! எவ்வளவு தெளிவாச் சொல்றீங்க தம்பி" என்றார் மனசாரப் பாராட்டி. இன்ஜினைப் போட்டார். "இதையெல்லாம் நீங்க ஒரு வீடியோவாப் போடலாமே?"

அக்கா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு அவளுக்கு அடக்க முடியவில்லை, தோள் குலுங்கியது, ஒரு கட்டத்துக்குமேல் அது சிரிப்பாகவும் இல்லை. லாரி திரும்பி மெயின் ரோட்டுக்குப் போகும்வரை நிங் மழையிலேயே நின்றான். திரும்பி அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.